ஜெபராஜ் நிறுத்திய பேச்சு

மேற்குத் தாம்பரத்தில் மார்க்கெட்டை ஒட்டி, சைக்கிள் கடைக்கும் பழைய பேப்பர் கடைக்கும் நடுவில் பத்தடி அகலத்தில் ஒரு கடை இருந்தது. பலகையில் 'பெத்தேல் சவுண்ட் சர்வீஸ், உரிமையாளர் டி. ஜெபராஜ்' என்று பச்சை பெயின்ட்டில் எழுதியிருக்கும். உரிமையாளர் என்று பெரிதாகப் போட்டுக்கொண்டாரே ஒழிய, உள்ளே போய்ப் பார்த்தால் இரண்டு ஆம்ப்ளிஃபயரும் நாலு குழாய் ஹாரனும் ஒரு ரிக்கார்டு பிளேயரும்தான். ஆனால் அறுபதுகளில் அந்தப் பக்கம் எந்த வீட்டில் காது குத்தினாலும், எந்தக் கோயிலில் கூழ் ஊற்றினாலும், எந்தக் கட்சிக்காரர் தொண்டை கிழியக் கத்தினாலும், சத்தம் ஜெபராஜின் குழாய் வழியாகத்தான் ஊருக்குப் போனது.

ஊரார் எல்லாருடைய பேச்சையும் தூக்கிச் சுமந்த மனிதர், தான் மட்டும் பேச மாட்டார். மைக்கைத் தட்டிப் பார்த்துவிட்டு, "ஹலோ, மைக் டெஸ்டிங், ஒன், டூ, த்ரீ" என்பார். அதற்கு மேல் ஒரு வார்த்தை கிடையாது. அவர் மனைவி ஹில்டா மிஷன் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு டீச்சர். கல்யாணமான புதிதில் வீட்டிலும் ஒரு மைக்கை நட்டு வைத்தால்தான் இவர் வாயைத் திறப்பார் போலிருக்கிறது என்று தன் அக்காவிடம் சொல்லிச் சிரித்திருக்கிறார்.

தொழிலில் ஜெபராஜ் ஒரு விரதம் வைத்திருந்தார். கூட்டம் ஆரம்பிக்கும்போது கண்ணை மூடி ஒரு சின்ன ஜெபம், பிறகு ஸ்விட்ச். நன்றியுரை முடிந்து கடைசி ஆள் மேடையை விட்டு இறங்கும்வரை அந்த ஸ்விட்சில் கை படாது. திங்கட்கிழமை ஒரு கட்சி அதே மைதானத்தில் அதே கம்பத்தில் ஹாரன் கட்டி இன்னொரு கட்சியைக் கிழித்துத் தோரணம் கட்டும். செவ்வாய்க்கிழமை அந்த இன்னொரு கட்சி வந்து பதில் சொல்லும். ஜெபராஜ் இரண்டு நாளும் மேடைக்குப் பின்னால் மரப்பெட்டியின் மேல் முழங்காலில் கை வைத்து உட்கார்ந்திருப்பார். மைக்செட்காரனுக்குக் காது உண்டு, கருத்து கிடையாது என்பது அவர் கொள்கை. மைக்கைப் பாதியில் அணைக்கிறவன், பாதிச் சவரம் செய்துவிட்டு எழுந்து போகிறவனை விட மோசம் என்று சைக்கிள் கடைக்காரரிடம் ஒருமுறை சொல்லியிருக்கிறார். அதைச் சொன்னதே அவருடைய நீளமான பேச்சு.

எல்லாக் கட்சிக் கூட்டத்துக்கும் தவறாமல் வந்த இன்னொரு ஆள் ஸ்ரீநிவாசன். போலீஸ் இலாகாவில் சுருக்கெழுத்தர். மேடைக்கு நேர் கீழே ஒரு மடக்கு நாற்காலியைப் போட்டு, மடியில் நோட்டை வைத்துக்கொண்டு, யார் என்ன பேசினாலும் கோழி கிளறிய மாதிரி கிறுக்கிக்கொண்டே இருப்பார். மறுநாள் அதை முழு எழுத்தில் எழுதி ஆபீசுக்கு அனுப்ப வேண்டும். மேடையில் இருப்பவர்கள் அவரை முறைப்பார்கள். அவர் தலையை நிமிர்த்த மாட்டார். கூட்டம் முடிந்ததும் ஜெபராஜ் கம்பத்திலிருந்து வயரைச் சுருட்டுவார், அவர் பேனாவை மூடுவார். ஒருவருக்கொருவர் தலையசைத்துக்கொள்வார்கள். பத்துப் பன்னிரண்டு வருஷப் பழக்கம் இவ்வளவுதான்.

கருத்து கிடையாது என்று சொன்ன ஜெபராஜுக்கு ஒரே ஒருவர் விஷயத்தில் மட்டும் மூட்டை மூட்டையாகக் கருத்து இருந்தது. அவர் தயாளன்.

பம்மலுக்குத் தெற்கே தோல் பதனிடும் ஷெட்டுகளை ஒட்டிச் சுண்ணாம்புக்குழி என்று ஒரு சேரி. ஜெபராஜ் பிறந்தது அங்கேதான். தயாளனும் அங்கேயே பிறந்து, பதினாலு வயதில் ஷெட்டில் இறங்கி, சுண்ணாம்புத் தொட்டியில் நின்று நின்று கால் விரல்களும் மூச்சும் கெட்டுப்போனவர். நெஞ்சில் எப்போதும் ஒரு இழுப்பு இருக்கும். அந்த நெஞ்சை வைத்துக்கொண்டு அவர் சமவுரிமைச் சங்கம் என்று ஒன்றைத் தொடங்கினார். டீக்கடையில் சேரி ஆட்களுக்குத் தனி கிளாஸ் வைத்திருந்ததை எதிர்த்து, நாற்பது பேரைக் கூட்டிப் போய் பதினெட்டு நாள் கடை வாசலில் சும்மா உட்கார்ந்தார். பத்தொன்பதாம் நாள் எல்லாருக்கும் ஒரே கிளாஸில் டீ வந்தது. அந்த டீ ஆறிப்போய், சர்க்கரையே இல்லாமல், குடிக்க லாயக்கற்று இருந்தது என்று தயாளனே மேடையில் சொல்லிச் சிரிக்க வைப்பார்.

அவர் கூட்டங்களுக்கு ஜெபராஜ் கூலி வாங்க மாட்டார். இருந்ததிலேயே நல்ல மைக்கை எடுத்துப் போவார். இழுப்பு நெஞ்சுக்காரர் கத்தக் கூடாது என்பதற்காக வால்யூமைக் கொஞ்சம் கூடுதலாகவே வைப்பார். தயாளன் மெதுவாகப் பேசுவார், குழாய் அதைத் தோல் ஷெட் முதலாளிகளின் மாடி வரைக்கும் கொண்டுபோகும். பாதி வேலை ஜெபராஜு பண்றான், பேரு எனக்கு வருது என்று தயாளன் சொன்ன அன்று, ஜெபராஜ் வீட்டுக்கு வந்து இரண்டு தடவை சாப்பிட்டார் என்று ஹில்டா சொல்வார்.

டீ கிளாஸ் முடிந்தது, பொதுக்கிணறு முடிந்தது. முடியாமல் நின்றது பிணம் போகிற பாதை. சேரிக்காரர்களின் கல்லறை ஏரிக்கு அந்தப் பக்கம் இருந்தது. மேல்சாதிக்காரர்கள் குடியிருந்த பெரிய தெரு வழியாகப் போனால் கால் மணி நேரம். ஆனால் சேரிப் பிணம் பெரிய தெருவுக்குள் வரக் கூடாது. ஏரிக்கரையைச் சுற்றித்தான் போக வேண்டும். வெயில் காலத்தில் பரவாயில்லை. ஐப்பசி, கார்த்திகையில் கரை உடைந்து தண்ணீர் இடுப்பு வரை ஏறும். சவப்பெட்டியைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு ஆறு பேர் தண்ணீரில் நடப்பார்கள், பின்னால் பாதிரியார் அங்கியைத் தூக்கிச் செருகிக்கொண்டு வருவார். பஞ்சாயத்துத் தலைவர் ராஜாராமன் பத்து வருஷமாக அந்தப் பாதைக்குத் தீர்மானம் போடாமல் தட்டிக்கழித்துக்கொண்டிருந்தார். தயாளன் மேடை ஏறினாலே ராஜாராமனைத்தான் கிழிப்பார்.

எழுபதாம் வருஷம் பஞ்சாயத்துத் தேர்தல் வந்தது. ராஜாராமன் மறுபடியும் நின்றார். அவர் எந்தக் கட்சி என்று நான் சொன்னால் இன்றைக்கும் இரண்டு பேர் சண்டைக்கு வருவார்கள், அதனால் விட்டுவிடுகிறேன். சாயங்காலக் கூட்டம், வழக்கம்போல ஜெபராஜின் மைக். மேடையில் ட்யூப்லைட் எரிகிறது, பத்துப் பன்னிரண்டு பெரிய மனிதர்கள் நாற்காலியில். சுண்ணாம்புக்குழி ஜனம் தூரத்தில் புளியமரத்தடியில் நின்று வேடிக்கை பார்க்கிறது. அப்போது தயாளன் வந்தார். கீழே நிற்காமல் மேடையில் ஏறினார். ராஜாராமன் எழுந்து அவருக்குச் சால்வை போட்டார், தயாளன் கைகூப்பி வாங்கிக்கொண்டார்.

ஜெபராஜுக்கு முதலில் கண்ணில்தான் ஏதோ கோளாறு என்று பட்டது. பெட்டியிலிருந்து எழுந்து எட்டிப் பார்த்தார். தயாளன் மைக் முன்னால் வந்து நின்று, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஒரு தடவை இருமி, ஆரம்பித்தார். "இந்தத் தேர்தல்ல அண்ணன் ராஜாராமனுக்கு ஓட்டுப் போடுங்கன்னு கேட்டுக்க வந்திருக்கேன்."

அவ்வளவுதான் ஊருக்குக் கேட்டது. ஜெபராஜின் கை ஸ்விட்சைத் திருகிவிட்டது. தானாகவா, இவர் சொல்லியா என்று அவர் பின்னால் எத்தனையோ தடவை யோசித்திருக்கிறார். இவருடைய கைதான், வேறு யாருடையது. பதிமூன்று வருஷ விரதம் ஒரு நொடியில் போயிற்று.

தயாளன் மைக்கைத் தட்டிப் பார்த்தார். பின்னால் திரும்பினார். ஜெபராஜ் ஆம்ப்ளிஃபயருக்குள் தலையை விட்டுக்கொண்டு, ஃபியூஸ் போச்சு, ஃபியூஸ் போச்சு என்று முணுமுணுத்தார். தயாளன் ஒரு கணம் அவரையே பார்த்துவிட்டு, முன்னால் திரும்பி, மைக் இல்லாமலே பேசினார். பத்து நிமிஷம் பேசினார். அந்த இழுப்புக் குரல் மேடைக்குப் பின்னால் இருந்த ஜெபராஜுக்கும் எட்டவில்லை, புளியமரத்தடிக்கு ஒரு எழுத்தும் வந்து சேரவில்லை. அங்கிருந்து பார்த்தவர்களுக்குத் தெரிந்ததெல்லாம் வாய் அசைந்ததும் தோளில் சால்வை கிடந்ததும்தான்.

அன்றோடு தயாளன் முடிந்தார். பழைய மரியாதைக்குச் சேரியில் பாதி ஓட்டு விழுந்து ராஜாராமன் ஜெயித்தார், பாதை வரவில்லை. விலை போய்விட்டார் என்று சுண்ணாம்புக்குழி முடிவு கட்டியது. எவ்வளவுக்கு என்பதில்தான் ஆளுக்கொரு கணக்கு. சங்கம் கலைந்தது. அவர் வீட்டுக் கல்யாணத்துக்கு யாரும் போகவில்லை. தேர்தல் முடிந்த பிறகு அவர் பலரிடம் ஏதோ விளக்கம் சொல்லப் பார்த்தார், கேட்க ஆளில்லை. தாம்பரம் மார்க்கெட்டில் ஒருமுறை ஜெபராஜுக்கு எதிரே வந்தார். ஜெபராஜ் சட்டென்று முருங்கைக்காய்க் கடைக்குள் புகுந்து, வேண்டாத முருங்கைக்காய் அரைக்கட்டு வாங்கிக்கொண்டு வீடு போய்ச் சேர்ந்தார். துரோகியைப் பார்க்கப் பிடிக்கவில்லை என்று ஹில்டாவிடம் சொன்னார். அந்த நாட்களில் அவர் தன் ஸ்விட்சை நினைத்துப் பெருமைப்பட்டார் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

எழுபத்தைந்து கார்த்திகையில் தயாளன் நெஞ்சு நின்றுபோய் இறந்தார். அடைமழை. ஏரி கரை புரண்டு கிடந்தது. தூக்குவதற்கு ஆறு பேர் சேரவில்லை, நாலு பேர்தான். ஜெபராஜ் கரையில் குடையைப் பிடித்துக்கொண்டு நின்றார். பெட்டி தண்ணீருக்கு மேல் தள்ளாடிப் போவதைப் பார்த்தபோது, பாதையை விற்றவனுக்குப் பாதை இல்லாமல் போயிற்று என்று பக்கத்தில் யாரோ சொன்னார்கள். ஜெபராஜ் குடையைத் தாழ்த்திப் பிடித்துக்கொண்டு திரும்பி நடந்தார். வீட்டுக்கு வந்து குளித்துவிட்டு ஒரு வாய் சாப்பிடாமல் படுத்தார்.

அதற்குப் பிறகு கலெக்டர் உத்தரவு ஒன்று வந்து, எழுபத்தேழில் பெரிய தெரு வழியாகவே கல்லறைக்குத் தார் போட்ட பாதை திறந்தது. எழுபத்தெட்டில் அதற்குப் பெயர் வைக்க வேண்டும் என்று பேச்சு வந்தது. தயாளன் பெயர் வைக்கலாம் என்று பழைய சங்கத்து ஆட்கள் இரண்டு மூன்று பேர் மெல்லச் சொன்னார்கள். அவ்வளவுதான், சுண்ணாம்புக்குழி இரண்டாகப் பிளந்தது. எதிர்த்தவர்களில் முன்னால் நின்றவன் கிருபா. தபாலாபீசில் வேலை பார்க்கும் முப்பது வயதுக்காரன், படித்தவன், கோபக்காரன். எழுபத்தொன்று மழையில் அவன் அம்மாவின் பெட்டி ஏரித் தண்ணீரில் கை நழுவி விழுந்து, ஆட்கள் முங்கித் தேடித் தூக்கினார்கள். அந்தப் பாதையை விற்றவன் பெயரைப் பாதைக்கு வைப்பதென்றால் முதலில் தன் அம்மாவைத் தோண்டி எடுத்துவிட்டு வையுங்கள் என்றான்.  வருகிற ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் வேதக்கோயில் மைதானத்தில் கூட்டம் போட்டு, கையைத் தூக்கச் சொல்லி முடிவு செய்வது என்று ஆயிற்று. மைக் ஜெபராஜுடையது.

அந்த வாரம் புதன்கிழமை ஸ்ரீநிவாசன் கடைக்கு வந்தார். ரிட்டையர் ஆகி, சேலையூரில் சின்னதாக வீடு கட்டிக்கொண்டு, வேஷ்டியும் அரைக்கைச் சட்டையுமாகக் கையில் ஒரு டிரான்சிஸ்டரோடு வந்தார். ரேடியோ கரகர என்கிறது, பாருங்கள் என்றார். ஜெபராஜ் பின்பக்கத்தைக் கழற்றினார். இருவருக்கும் வாழ்க்கையில் முதன்முறையாகப் பேச நேரம் கிடைத்தது. எத்தனை கூட்டம், எத்தனை பேச்சு என்று சிரித்துக்கொண்டிருந்த ஸ்ரீநிவாசன், போகிற போக்கில் சொன்னார்.

"எத்தனையோ பேச்சு எழுதியிருக்கேன் மிஸ்டர் ஜெபராஜ். நெஞ்சில நிக்கறது ஒண்ணே ஒண்ணு. பம்மல்ல தயாளன்னு ஒருத்தர், ராஜாராமன் மேடையில. அன்னிக்குப் பார்த்து உங்க ஃபியூஸ் போயிடுத்து. நான் கீழே மூணடி தூரத்தில இருந்ததால எனக்கு மட்டும் கேட்டது."

ஜெபராஜின் கையில் சால்டரிங் அயர்ன் இருந்தது. அதைக் கீழே வைத்தார். என்ன பேசினார் என்று கேட்டார். 

ஸ்ரீநிவாசன் சொன்னார். ராஜாராமனுக்கு அந்தத் தடவை சேரி ஓட்டு இல்லாமல் ஜெயிக்க வழியில்லை. ஆள் அனுப்பி தயாளனைக் கூப்பிட்டிருக்கிறார். தை முதல் தேதி பாதை திறப்பது, அதற்கு ஈடாக ஓட்டு என்று பேசி முடித்திருக்கிறார்கள். அறைக்குள் சொன்னதை நம்ப முடியாது, ஊரறிய உன் மேடையிலேயே நான் அதைச் சொல்வேன், நீ தலையாட்ட வேண்டும் என்று தயாளன் நிபந்தனை போட்டிருக்கிறார். அந்த நிபந்தனையையும் சேர்த்துத்தான் அன்றைக்கு மேடையில் பேசினார். இது பொய் என்றால் ராஜாராமன் இப்போதே எழுந்து இல்லை என்று சொல்லட்டும் என்று திரும்பிப் பார்த்தார். ராஜாராமன் வியர்த்து வழிந்து தலையாட்டினார். ஆனால் அதைக் கேட்டதெல்லாம் மேடையில் இருந்த அவருடைய சொந்த ஆட்கள். தேர்தல் முடிந்ததும், யார் சொன்னது, எப்போது சொன்னது என்று ராஜாராமன் கேட்டுவிட்டார். இலாகா ரிப்போர்ட்டை வெளியே சொல்ல ஸ்ரீநிவாசனுக்கு அதிகாரமில்லை. பிறகு அவருக்கு வேலூருக்கு மாற்றல் வந்தது. தயாளன் இறந்ததுகூட அவருக்கு இப்போதுதான் தெரியும்.

ஃபியூஸ் மட்டும் போகாமல் இருந்திருந்தால் அந்த ராஜாராமன் தப்பித்திருக்க முடியாது என்று அவர் பாவமாகச் சொன்னார். ஜெபராஜ் அவரை அந்தப் பேச்சை முழுக்கச் சொல்லச் சொல்லி, ஒரு பழைய நோட்டீசின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டார். சுருக்கெழுத்தில் ஒரு தடவை, முழு எழுத்தில் ஒரு தடவை எழுதிய பேச்சு என்பதால் ஸ்ரீநிவாசனுக்கு வரிவரியாக நினைவிருந்தது. ரேடியோ அன்றைக்கு ரிப்பேர் ஆகவில்லை.

வீட்டில் ஹில்டா பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தார். ஜெபராஜ் எதிரே உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார். எட்டு வருஷமாக மனைவிக்கும் அந்த ஃபியூஸ் ஃபியூஸாகவே இருந்தது. எழுபத்தொன்றிலிருந்து எழுபத்தேழு வரை எத்தனை பெட்டி ஏரி வழியாகப் போயிற்று என்று விரல் விட்டு எண்ணி, கிருபாவின் அம்மாவில் வந்து நின்று, அதற்கு மேல் எண்ண முடியாமல் அழுதார். ஹில்டா அவரை அழ விட்டார். பிறகு, ஞாயிற்றுக்கிழமை சொல்லப்போகிறீர்களா என்று கேட்டார். சொன்னால் இனி எந்தக் கட்சி தன் கடைப் படியை மிதிக்கும் என்றார் ஜெபராஜ். அரசியல் பிடிக்கவில்லை என்று மைக்கை அணைக்கிறவனை எவன் கூப்பிடுவான். கிருபா தன்னை வெட்டினாலும் கேட்க முடியாது என்றார்.

"அதெல்லாம் அப்புறம். முதல்ல தபீதாக்கா வீட்டுக்குப் போங்க. ஊருக்குத் தெரியறதுக்கு முன்னாடி அவங்களுக்குத் தெரியணும்" என்றார் ஹில்டா.

தபீதாள் தயாளனின் மனைவி. கணவன் போன பிறகும் ஷெட்டில் தோல் காயப்போடுகிற வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். சனிக்கிழமை மதியம் ஜெபராஜ் போனபோது வாசலில் உட்கார்ந்து கால் வெடிப்பில் வேப்பெண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். எட்டு வருஷத்தில் அவர் அந்த வாசலுக்கு வருவது அதுதான் முதல் தடவை. அவள் உட்கார்ந்தபடியே அடுத்த காலை நீட்டி எண்ணெய் தடவினாள்.

ஜெபராஜ் நின்றபடியே சொன்னார். ஃபியூஸ் போகவில்லை அக்கா, நான்தான் அணைத்தேன் என்றார். சொல்லி முடித்துவிட்டு அடிக்குக் காத்திருக்கிறவர் மாதிரி நின்றார்.

"தெரியும்பா," என்றாள் தபீதாள். "அவருக்கு அன்னிக்கே தெரியும். ட்யூப்லைட்டு எரிஞ்சுகினு கீது, மைக்குக்கு மட்டும் எப்பிடி ஃபியூஸு போவும்னு வூட்டுக்கு வந்து சிரிச்சாரு."

அவர் ஏன் அதை வெளியே சொல்லவில்லை என்று ஜெபராஜ் கேட்டார்.

"நானும் கேட்டேன். போய் சொல்லுய்யா, அந்த ஜெபராஜுதான் கெடுத்தான்னு சொல்லுன்னு கத்தினேன். அதுக்கு இன்னா சொன்னாரு தெரியுமா? ராஜாராமன் மேடைல நான் ஏறினா கோவம் வரணும்னுதானே இத்தினி வருசம் அவனுங்களுக்குச் சொல்லிக்கொடுத்தேன், நல்லாத்தான் கத்துக்கினு கீறான், அவன் பொழப்பை நான் ஏன் கெடுக்கணும்னாரு. உனக்கு வந்து சொல்லணும்னு மட்டும் பாத்தாரு. மார்க்கெட்டுல நீ இன்னாவோ கடைக்குள்ள பூந்துட்டியாமே."

ஜெபராஜ் வாசல் மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டார்.  தபீதாளுக்கு அவர் மேல் கோபம் இல்லாமல் இல்லை. மகள் கல்யாணத்துக்கு இலை போட ஆள் இல்லாமல் தானே பரிமாறியதையும், ஏரியில் நாலு பேர் பெட்டி தூக்கியதையும் ஒன்றுவிடாமல் சொல்லிக் காட்டினாள். சொல்லிவிட்டு உள்ளே போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். மன்னிப்பெல்லாம் தன்னிடம் கேட்க வேண்டாம் என்றாள். "அவரு பேசினதை நீ ஊருக்குக் கேக்காம பண்ணே. நாளைக்கு நீயே கேக்க வையி. தெருவுக்கு அவரு பேரு வெக்கிறாங்களோ இல்லியோ, அந்தப் பேச்சை அதுங்க கேக்கணும்."

ஞாயிற்றுக்கிழமை கோயில் மைதானம் நிறைந்திருந்தது. ஜெபராஜ் காலையிலேயே நாலு ஹாரனையும் கட்டியிருந்தார். ஆதரித்து இருவர் பேசினார்கள். பிறகு கிருபா பேசினான். தயாளனின் பழைய போராட்டங்களை அவன் மறுக்கவில்லை. டீ கிளாஸுக்காக அவர் உட்கார்ந்தபோது தானும் அப்பா பக்கத்தில் உட்கார்ந்து பார்த்ததாகச் சொன்னான். அப்படிப்பட்டவர் கடைசியில் யாரோடு சேர்ந்தார் என்பதை வைத்துத்தான் எடை போட வேண்டும் என்றான். அவன் அம்மாவைப் பற்றிச் சொல்ல வந்து, சொல்லாமலே இறங்கினான். பெண்கள் பக்கத்தில் தபீதாள் தலைமுக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

கை தூக்கச் சொல்வதற்குப் பாதிரியார் எழுந்தபோது, மேடைக்குப் பின்னாலிருந்து ஜெபராஜ் வந்தார். மைக்கில் ஏதோ கோளாறு, சரிபார்க்க வருகிறார் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். அவர் மைக் முன்னால் நின்றார். பழக்க தோஷத்தில் அதை ஒரு தட்டு தட்டினார். சட்டைப்பையிலிருந்து பழைய நோட்டீசை எடுத்துக்கொண்டார்.

எழுபதாம் வருஷம் ராஜாராமன் கூட்டத்தில் ஃபியூஸ் போகவில்லை, நான்தான் மைக்கை அணைத்தேன் என்றார். மைதானம் ஒன்றும் புரியாமல் பார்த்தது. அவர் நிறுத்தாமல் மீதியையும் சொன்னார். தை முதல் தேதி வாக்கு, ராஜாராமன் தலையாட்டியது, அதைக் கேட்டு எழுதிய போலீஸ்காரர் இன்னும் சேலையூரில் இருப்பது, எல்லாவற்றையும் சொன்னார். அந்த மைக் மட்டும் ஓடியிருந்தால் எழுபத்தொன்றிலேயே பாதை வந்திருக்கும் என்று சொல்லும்போது அவர் கிருபாவைப் பார்த்துத்தான் சொன்னார். கிருபா நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தான். பக்கத்தில் இருந்த இருவர் அவன் கையைப் பிடித்தார்கள். அவன் உதறிக்கொண்டு மேடையை நோக்கி நடந்தான், பாதி மைதானத்தில் நின்றுவிட்டான்.

அப்படியானால் அவர் ஓட்டுக் கேட்டது பொய்யா என்று யாரோ கத்தினார்கள். இல்லை என்றார் ஜெபராஜ், ராஜாராமனுக்குத்தான் ஓட்டுக் கேட்டார், நிஜமாகவே கேட்டார். பாதைக்காகக் கேட்டார். அது சரியா தப்பா என்று நீங்கள் சொல்லுங்கள், நான் அதைச் சொல்ல லாயக்கில்லாதவன், அவர் பேசினதை மட்டும் படிக்கிறேன் என்று நோட்டீசைப் பிரித்தார்.

வாழ்நாளில் 'ஒன், டூ, த்ரீ'க்கு மேல் மைக்கில் பேசாத மனிதர் அன்று ஒரு முழுப் பேச்சைப் பேசினார். படிக்கும் விதம் படு மோசம். நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தாமல், நிறுத்தக் கூடாத இடத்தில் மூச்சு வாங்கினார். ஆனால் நாலு குழாயும் அதைப் பெரிய தெரு வரைக்கும் கொண்டுபோயின. வயதானவர்கள் சிலருக்கு அந்த வார்த்தைகளில் தயாளனின் இருமல்கூடக் கேட்டது. தபீதாள் முக்காட்டை எடுத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள். கடைசி வரிகளுக்கு வந்தபோது ஜெபராஜ் நோட்டீசைப் பார்க்காமலே சொன்னார்.

"இந்தாளு பக்கத்துல நான் நிக்கிறதைப் பாத்து உங்களுக்கு அருவருப்பா இருக்கும். எனக்கும் அப்பிடித்தான் இருக்கு. நாளைக்கு என் பேரைச் சொல்லிக் காறித் துப்புவீங்க. துப்புங்க, நான் வேணாம்னு சொல்லல. ஆனா நம்ம பொணம் போற பாதையில நின்னுகினு துப்புங்க."

 பாதிரியார் எழுந்தவர் எழுந்தபடியே நின்றார். பாதி மைதானத்தில் நின்ற கிருபா மெதுவாக முன்னால் வந்து, மேடைக்கு நேர் கீழே, ஜெபராஜின் கால் மாட்டில் நின்று அண்ணாந்து பார்த்தான். முகமெல்லாம் நனைந்திருந்தது.

"எனக்குச் சரியா கேக்கலண்ணா," என்றான். "இன்னொரு வாட்டி சொல்லுங்க."

ஜெபராஜ் வால்யூமைக் கூட்டிவிட்டு வந்து, முதலிலிருந்து ஆரம்பித்தார்.